கயிற்றுக் கட்சியின் உப்புக் கிணறு

என் வீட்டுக்காரர் பெயர் மரியதாஸ். புருஷன் பெயரைப் பெண்டாட்டி சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்பார்கள். கட்சிக்குக் கொடுத்தது போக மிச்சம் கிடக்கிற ஆயுசுதானே, குறைந்தால் குறையட்டும். அவரைப் பற்றி யாராவது கேட்டால் எனக்கு முதலில் வருவது எரிச்சல். அதற்கப்புறம் வருவதும் எரிச்சல்தான்.

நல்லவர் என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மாதா என்னை மன்னிக்க மாட்டாள். குடி கிடையாது. பெண்டாட்டி மேல் கை நீட்டியது கிடையாது. கரைவலை இழுக்கப் போனால் இரண்டு ஆள் இழுவையை ஒரு ஆளாக இழுப்பார். ஊரில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும் பெட்டி தூக்க முதல் ஆளாக நிற்பார். இப்படி ஒழுங்காக இருந்த மனுஷனுக்குக் கட்சி கேட்டது. என்னத்தைச் சொல்ல!

எங்கள் ஊர் தாழைமுனை. உச்சிப்புளியிலிருந்து புதுமடம் போகிற பாதையில் பாதி வழியில் கடல் பக்கம் திரும்பினால் மாதா கோயில் மணிக்கூண்டு தெரியும், அதுதான் ஊர். எல்லோரும் வேதக்காரர்கள், எல்லோருக்கும் கடல் தொழில். ஊருக்குப் பின்னால் ஒரு பெரிய பொட்டல். புல் முளைக்காத, வெள்ளை பூத்த உவர் மண். பொட்டலுக்கு வடக்கே நொச்சியேந்தல், சம்சாரிகள் ஊர், மிளகாயும் கேப்பையும் போடுவார்கள். மேற்கே மரைக்காயர் தெரு, கருவாட்டு வியாபாரிகள். மூன்று ஊருக்கும் ஏதோ ஒரு பிழைப்பு உண்டு. குடிக்கத் தண்ணீர்தான் கிடையாது.

தண்ணீர் எங்கள் ஊருக்குக் கிழக்கே தாழம்புதர் மேட்டில் இருந்தது. கடலுக்குப் பக்கத்து மணல்தான், ஆனாலும் ஆண்டவர் புண்ணியத்தில் அது இளநீர் மாதிரி இருக்கும். இடுப்பளவு பள்ளம் தோண்டி உள்ளே இறங்கி உட்கார்ந்தால் அடியில் மெல்லச் சுரக்கும். அந்தப் பள்ளத்தை ஊற்று என்போம். சிரட்டையால் வழித்து வழித்துக் குடத்தை நிரப்ப வேண்டும். குடம் நிரம்புவதற்குள் பக்கத்து மணல் சரிந்து ஊற்றை மூடிவிடும். மறுபடி தோண்டு, மறுபடி உட்கார். கோடையில் நொச்சியேந்தல் ஊருணி வற்றிவிட்டால் அந்த ஊர்ப் பெண்களும் வந்துவிடுவார்கள், மரைக்காயர் தெருப் பெண்களும் வருவார்கள். யார் ஊற்று, யார் முறை என்று தினமும் சண்டை. இடுப்பு ஒடிந்துபோகும்.

சுதந்திரம் வந்த மறு வருஷம் எனக்குக் கல்யாணம். புதுப்பெண்டாட்டி என்ன கேட்டாலும் கொடுப்பார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். நான் சேலை கேட்கவில்லை, தோடு கேட்கவில்லை.

“அந்த மேட்டுல ஒரு உறைக் கெணறு எறக்கித் தாங்க, அது போதும்” என்றேன். மணல் சரியாமல் வட்ட வட்டமாக உறை இறக்கிய கிணறு ஒன்று இருந்தால் நின்றபடி வாளியில் இறைத்துக்கொண்டு வந்துவிடலாம்.

“இம்புட்டுத்தானா? எறக்கிருவோம் புள்ள” என்றார்.

வேறு ஒரு ஆம்பளையாக இருந்தால் கூட்டாளிகள் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போய் மறு மாதமே தோண்டியிருப்பான். எனக்கு வாய்த்தவர் யுத்த காலத்தில் கொழும்புத் துறைமுகத்தில் மூட்டை தூக்கினவர். அங்கே கொடியும் ஒலிபெருக்கியும் கூட்டமும் பார்த்துவிட்டு வந்திருந்தார். நமக்கு மட்டும் கிணறு வெட்டினால் அது சுயநலம், மூன்று ஊருக்கும் சேர்த்துச் சர்க்கார் வெட்ட வேண்டும், சர்க்கார் காதில் விழ வேண்டுமானால் நாம் ஒரு கட்சியாக நிற்க வேண்டும் என்று ஆரம்பித்தார். கிணறு கேட்டவளுக்குக் கட்சி கிடைத்தது.

கரைவலை தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் இந்தக் கட்சி விளங்காது. வள்ளத்தில் போய்க் கடலில் வலையை வளைத்துப் போட்டுவிட்டு, இரண்டு பக்கக் கயிற்றையும் கரையில் நின்று இழுப்பார்கள். கடைசியில் மீன் நிறைந்த மடி கரைக்கு வரும். கயிற்றைத் தொட்டவனுக்கெல்லாம் பங்கு உண்டு. மடி கரை சேருகிற நேரத்தில் வழியில் போகிறவன் ஒருவன் வந்து சும்மா கையை வைத்தாலும் அவனுக்குக் கறிக்கு மீன் கொடுத்துத்தான் அனுப்ப வேண்டும். இல்லை என்று சொன்னால் அடுத்த வலையில் மீன் விழாது. பெண்கள் மட்டும் கயிற்றைத் தொடக் கூடாது. தாண்டக்கூடக் கூடாது.

இதையே அவர் கட்சிக்குச் சட்டமாக வைத்தார். மரைக்காயர் தெரு முக்கில் சீனி முகம்மதுவின் டீக்கடை. அங்கேதான் முதல் கூட்டம். நொச்சியேந்தலிலிருந்து கூத்தையா என்ற சம்சாரி வந்திருந்தார், நியாயமான மனுஷர், வாய் மட்டும் கொஞ்சம் நீளம்.

“நம்ம கட்சியில மேல ஆளு, கீழ ஆளு கெடையாது. கயித்தத் தொட்டவனுக்குப் பங்கு. ஒருத்தனுக்கு வருத்தம்னாலும் அந்தக் காரியம் நடக்காது. அம்புட்டுத்தான் சட்டம்” என்றாராம் என் வீட்டுக்காரர்.

வீட்டுக்கு வந்து பெருமையாகச் சொன்னார். “அப்ப எனக்கு?” என்று கேட்டேன்.

“ஒனக்கு என்ன புள்ள, நீதான் வீட்டுலயே இருக்கியே” என்றார். கையில் இருந்த அகப்பையை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

கட்சிக்குக் கடலோரக் காட்டுப்புற உழைப்பாளர் ஐக்கியக் கட்சி என்று பெயர். பழைய வள்ளத்திலிருந்து கழற்றிய பலகை ஒன்றில் அதை எழுத ராமநாதபுரத்திலிருந்து ஒரு பெயிண்டர் வந்தார். ‘ஐக்கிய’ வரைக்கும் பெரிய பெரிய எழுத்தாக எழுதிவிட்டு, இடம் தீர்ந்துபோய், ‘கட்சி’யை ஒரு மூலையில் எறும்பளவுக்கு எழுதிவிட்டுப் போனார். ஊர் அதையெல்லாம் படிக்கவில்லை. கயிற்றுக் கட்சி என்றே சொன்னது.

முதல் பொதுத் தேர்தலில் இவரே சட்டசபைக்கு நின்றார். அப்போதெல்லாம் ஒவ்வொரு ஆளுக்கும் தனித்தனிப் பெட்டி, பெட்டியின் மேல் சின்னம் ஒட்டியிருக்கும். இவர் வலை கேட்டார். வலை இல்லை என்று குடை கொடுத்தார்கள். மழையே பெய்யாத சீமையில் குடையைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக அலைந்தார். இவருடைய அக்கா யாகப்பம்மாள், தம்பி ஜெயிக்க வேண்டும் என்று ஓட்டுச் சீட்டோடு சேர்த்து ஒரு மாதா படத்தையும் பெட்டிக்குள் போட்டுவிட்டு வந்தார். மாதா ஓட்டு செல்லவில்லை போலிருக்கிறது. தோற்றார்.

ஆனால் எங்கள் மூன்று ஊரும் அக்கம்பக்கத்துக் கடற்கரையும் குடைக்கே போட்டிருந்தன. அதைப் பார்த்துப் பெரிய கட்சிக்காரர்களே ஜீப்பில் வந்து இவரிடம் பேசிவிட்டுப் போனார்கள். அடுத்து வந்த பஞ்சாயத்து போர்டு தேர்தலில் கயிற்றுக் கட்சி ஜெயித்தது, இவர் தலைவர் ஆனார். அன்றைக்கு அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பொய் சொல்ல மாட்டேன், எனக்கும் நெஞ்சு நிறைந்துதான் போனது. கிணறு வந்துவிட்டது என்று நினைத்தேன்.

அதுதான் சொன்னேனே, மடி கரை சேருகிற நேரத்தில் கையை வைக்கிறவர்கள்! ஜெயித்த மறுநாளிலிருந்து எங்கெங்கோ இருந்து வந்து கட்சியில் சேர்ந்தார்கள். யாரையும் வேண்டாம் என்று சொல்லச் சட்டத்தில் இடம் இல்லை. எல்லோருக்கும் பதவி வேண்டும். இவரும் கேட்டவனையெல்லாம் துணைத் தலைவர் ஆக்கினார். தெருவில் நின்று ‘துணைத் தலைவரே’ என்று கூப்பிட்டால் ஆட்டுக்குட்டி தவிர எல்லாம் திரும்பிப் பார்க்கும். கூட்டம் எங்கள் வீட்டு வாசலில். பந்தலுக்குக் கீற்றை மாற்றுவதா வேண்டாமா என்பதைக்கூட எல்லோரும் சம்மதித்தால்தான் முடிவு. ஒருவன் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டால் மறு கூட்டம். அத்தனை பேருக்கும் தண்ணீர் கொடுக்க நான் மேட்டுக்குப் போய்ச் சிரட்டையால் வழித்துக்கொண்டிருந்தேன்.

இப்படியே சில வருஷம் போய், கடைசியில் பிளாக் ஆபீஸிலிருந்து பஞ்சாயத்துக்கு ஒரு குடிநீர்க் கிணறு சாங்ஷன் ஆனது. ஒன்றே ஒன்று. எங்கே வெட்டுவது என்று முடிவெடுக்கக் கூட்டம் போட்டார்கள். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். தண்ணீர் எங்கே இருக்கிறது என்று மூன்று ஊருக்கும் தெரியும். இதில் பேச என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

“எங்க ஊருணிக் கரையில வெட்டுங்க. எங்க வீட்டுப் பொம்பளைக எம்புட்டுத் தூரம்தான் நடப்பாளுக?” என்றார் கூத்தையா.

“அங்கன வெட்டுனா எங்க தெருவுக்கு என்ன பிரயோசனம்? அல்லாவுக்காகச் சொல்றேன், பள்ளிவாசலுக்குப் பக்கத்துல வெட்டுங்க. தொழுகைக்குக் கை கால் கழுவவும் ஆகும்” என்றார் சீனி முகம்மது.

எங்கள் ஊர் ஆட்கள் எழுந்தார்கள். “தண்ணி கெடக்குறது எங்க மேட்டுல. எங்க மேட்டுலதான் வெட்டணும்.”

“அப்ப அது ஒங்க கெணறு. நாங்க ஒங்ககிட்டக் கையேந்தி நிக்கணுமாக்கும்?” என்று நொச்சியேந்தல் ஆட்களும் எழுந்தார்கள்.

நாலு கூட்டம் போட்டும் தீரவில்லை. கடைசியில் என் வீட்டுக்காரர் எழுந்து, “யாருக்கும் வருத்தம் வேணாம். பொட்டல்ல நட்டநடுவுல வெட்டுவோம். மூணு ஊருக்கும் ஒரே தூரம்” என்றார்.

அத்தனை ஆம்பளைக்கும் அந்தப் பொட்டல் தெரியும். அங்கே மழை பெய்து தேங்கினால்கூட உப்பாகிவிடும். ஒருவனாவது வாயைத் திறப்பான் என்று பார்த்தேன். கூத்தையா கையைத் தட்டினார். உடனே எல்லோரும் தட்டினார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

“பொட்டல் தண்ணியில ஆடுகூட வாய் வைக்காதே! கண்ணு அவிஞ்சா போச்சு?” என்று கத்தினேன்.

“தங்கச்சி சொல்றதும் ஞாயந்தான். ஆனா எல்லாருக்கும் சமமால்ல இருக்கு” என்றார் கூத்தையா. இவர் என்னைப் பார்க்கவே இல்லை. ஆழமாக வெட்டினால் நல்ல தண்ணீர் வரும் என்று யாரோ சொன்னார்கள். எவன் சொன்னான் என்று கேட்டால் ஒருவனும் இல்லை.

மறுநாள் காலையில் வலைக்குப் போகக் கிளம்பியவரை மறித்துக்கொண்டு நின்றேன். “இஞ்சேருங்க, தெரிஞ்சேதான வெட்டுறீங்க?”

“தெரியும் புள்ள” என்றார். “மேட்டுல வெட்டுனா ரெண்டு ஊரும் கட்சிய விட்டுப் போயிரும். கெணறு இல்லாம இத்தன காலம் இருந்துட்டோம், இன்னுங் கொஞ்சம் இருப்போம். கட்சி போச்சுன்னா திரும்பி வராது.”

இருந்துவிட்டோமாம்! யார் இருந்தது? ஊற்றுக்குள் இறங்கி உட்கார்ந்து ஒரு குடம் அவர் வழித்ததுண்டா? கிணற்றுக்காகக் கட்சி என்று ஆரம்பித்தவர், கட்சிக்காகக் கிணறு என்று வந்து நின்றுவிட்டார். அன்றைக்கு முழுவதும் நான் அவரோடு பேசவில்லை. அவரும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

லாரியில் சிமெண்டு உறைகள் வந்து பொட்டலில் இறங்கின. கொஞ்ச ஆழத்திலேயே தண்ணீர் பீறிட்டுவிட்டது. அதோடு வேலையை முடித்துக்கொண்டார்கள். மிச்ச உறைகள் அங்கேயே கிடந்தன. திறப்பு விழாவுக்குக் கொட்டு, மாலை, காகிதத் தோரணம். பிளாக் ஆபீஸிலிருந்து ஒரு அதிகாரி வந்தார். முதல் வாளியை இறைத்து ஒரு சொம்பில் ஊற்றி அவரிடம் நீட்டினார்கள். அவர் விவரமானவர். “தலைவர் குடிக்கட்டும்” என்று கையைக் காட்டினார்.

இவர் வாங்கினார். மூன்று ஊரும் பார்த்துக்கொண்டு நின்றன. அண்ணாந்து, நிறுத்தாமல், சொம்பு காலியாகும் வரை குடித்தார். தொண்டை ஏறி இறங்கிய விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. வாயைத் துடைத்துக்கொண்டு, “தேன்!” என்றார். ஜனங்கள் கைதட்டினார்கள். கூட்டம் கலைந்ததும் பெண்கள் ஒரு வாய் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்பினார்கள். மறுநாள் விடிகாலையில் எல்லோரும் மேட்டில்தான் இருந்தோம், சிரட்டையோடு.

அதோடு விட்டிருந்தால்கூட நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். “தலைவன் குடிக்கலன்னா எவன் குடிப்பான்?” என்று சொல்லிவிட்டு, அன்றிலிருந்து அவர் பொட்டல் கிணற்றுத் தண்ணீரைத்தான் குடித்தார். தினமும் தானே போய் ஒரு குடம் எடுத்து வருவார். அதற்குத் தனி மூலை, தனிச் சொம்பு. கட்சித் தண்ணீர் என்று பெயர். அதில் பருப்பு வேகாது, டீ போட்டால் திரிந்துபோகும். வயிறு எரிகிறது என்று சுருண்டு படுப்பார், எழுந்து மறுபடி அதையே குடிப்பார். ராமநாதபுரம் ஆஸ்பத்திரியில் டாக்டர் முதலில் தண்ணீரை மாற்று என்றார். மாற்றுகிற ஆளா? ஒரு நாள் பொறுக்க மாட்டாமல் அந்தக் குடத்தைக் கவிழ்த்துவிட்டு ஊற்றுத் தண்ணீரை ஊற்றி வைத்தேன். ஒரு வாய் குடித்தார். “இது கட்சித் தண்ணி இல்ல” என்று வாசலில் போய்த் துப்பிவிட்டு வந்தார். ஏசு மரி சூசை! நல்ல தண்ணீரைத் துப்பின மனுஷனை நீங்கள் எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா?

அடுத்த சட்டசபைத் தேர்தல் வந்தது. குடையைத் தூக்கிக்கொண்டு போன இடத்திலெல்லாம், “தலைவரே, ஒரு சொம்பு தேன் கெடைக்குமா?” என்று கேட்டுச் சிரித்தார்கள். எங்கள் ஊரிலேயே பாதிப் பேர் வேறு பெட்டியில் போட்டார்கள். அந்தச் சமயத்தில்தான் ஆப்பிரிக்காவில் கானா என்று ஒரு நாடு சுதந்திரம் அடைந்தது. சீனி முகம்மது கடைப் பேப்பரில் இவர் அதைப் படித்துவிட்டுப் பேப்பரோடு வீட்டுக்கு ஓட்டமாக வந்தார்.

“லீமா, அங்கனயும் நம்மள மாதிரிச் சின்னச் சின்னக் கட்சி நெறைய இருக்காம். ஊருக்கு ஒண்ணு, சாதிசனத்துக்கு ஒண்ணு. எல்லாத்தையும் பெரிய கட்சி முழுங்கப் பாக்குதாம். ஒலகம் பூரா இதே கதைதான்” என்றார். ஏதோ சொந்தக்காரர்கள் கிடைத்துவிட்ட மாதிரி அவருக்கு ஒரு ஆறுதல்.

“அங்கன உள்ள பொம்பளைகளுக்குக் கெணறு வெட்டிக் குடுத்தானுகளான்னு போட்டிருக்கா?” என்று கேட்டேன். பேப்பரை மடித்துக்கொண்டு போய்விட்டார்.

அதற்கப்புறம் கட்சி கரைந்த கதையை நீட்டிச் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. துணைத் தலைவர்கள் வந்த வேகத்தில் போனார்கள். சீனி முகம்மது, “வியாபாரத்தைப் பாக்கணும் தம்பி, கோவிச்சுக்கிடாத” என்று சொல்லிவிட்டு ஒதுங்கினார். கூத்தையா பெரிய கட்சி ஒன்றில் சேர்ந்து அடுத்த பஞ்சாயத்துத் தேர்தலில் தலைவரும் ஆனார். அவர் மாலையோடு எங்கள் தெருவில் போனபோது இவர் எழுந்து நின்று கும்பிட்டார். அவர் தலையைக் குனிந்துகொண்டு போனார். அப்புறம் கட்சிப் பலகை வாசலிலிருந்து வீட்டுக்குள் வந்தது. கூட்ட நாளில் இவர் மட்டும் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருப்பார். யாரும் வர மாட்டார்கள். நேரம் ஆனதும் எழுந்து, மூலைக் குடத்திலிருந்து ஒரு சொம்பு உப்புத் தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுத்துக்கொள்வார். திட்டலாம் என்று வாய் வரைக்கும் வரும். அந்தச் சட்டையைப் பார்த்தால் திட்ட வராது. அதுவும் ஒரு எரிச்சல்.

அறுபதாம் வருஷத்துக்கு மேல் ஒரு கடுங்கோடை. ஊருணி வற்றி மூன்று ஊர்ப் பெண்களும் மேட்டில் நின்றோம். கூத்தையா சம்சாரம் பூமயில் ஊற்றுக்குள் இறங்கி வழித்துக்கொண்டிருந்தபோது பக்கத்து மணல் மொத்தமாகச் சரிந்தது. நெஞ்சு வரை மூடிவிட்டது. கையாலேயே மணலை வாரித் தள்ளி, அக்குளில் கை கொடுத்து இழுத்துப் போட்டோம். மூச்சு வந்ததும் பூமயில் முதலில் கேட்டது, “எங் கொடம் எங்க?” என்றுதான். எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே எல்லோரையும் திட்டினேன், கட்சியை, பஞ்சாயத்தை, அவரவர் புருஷனை.

சீனி முகம்மதுவின் மகள் நஸீராதான் சொன்னாள். “அக்கா, பொட்டல்ல மிச்ச உறை சும்மாத்தானே கெடக்கு?”

“யாரைக் கேட்டு எடுக்குறது? பஞ்சாயத்துச் சொத்துல்ல?” என்றாள் ஒருத்தி.

பூமயில் தலையிலிருந்த மணலைத் தட்டிவிட்டு எழுந்தார். “பஞ்சாயத்துத் தலைவரை நான் பாத்துக்கிறேன். சோறு வேணும்ல அவருக்கு? எடுங்கடி” என்றார்.

பொட்டலில் உறைகளைப் பக்கவாட்டில் நிமிர்த்தி உருட்டுவது சிரமமாக இல்லை. மேட்டு மணலில்தான் ஏற மறுத்தன. நான் வீட்டுக்குப் போய்ப் பரணில் சுருட்டிக் கிடந்த கரைவலைக் கயிற்றை இழுத்துக் கீழே போட்டேன். இவர் வாசலில் உட்கார்ந்திருந்தார். பார்த்துவிட்டுக் காலை ஒதுக்கி வழி விட்டார். யாகப்பம்மாள்தான் மேட்டில் என்னைக் கண்டு மார்பில் சிலுவை போட்டார்.

“கயித்தையா தூக்கிட்டு வார? பொம்பளை தொட்டா மீனே விழாதுடி!”

“இதுவரைக்கும் விழுந்த மீனத்தான் பாத்தாச்சே மதினி. பிடிங்க” என்றேன். கொஞ்சம் யோசித்தார். பிறகு சேலையைச் செருகிக்கொண்டு முன்னால் வந்து பிடித்தார்.

உறையில் கயிற்றைக் கோத்து, மூன்று ஊர்ப் பெண்களும் வரிசையாக நின்று இழுத்தோம். ஆம்பளைகள் தூரத்தில் நின்று வேடிக்கை பார்த்தார்கள், சிரித்தார்கள். ஒவ்வொன்றாக உறைகள் ஏறியதும் சிரிப்பு அடங்கியது. கடைசி உறை பாதிச் சரிவில் மணலில் புதைந்து நின்றுவிட்டது. இழுக்க இழுக்க இன்னும் உள்ளே போனது. கையெல்லாம் தோல் உரிந்துவிட்டது எங்களுக்கு.

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு இவர் வந்தார். தோளில் கட்சிப் பலகை. யார் முகத்தையும் பார்க்காமல் குனிந்து, உறைக்கு முன்னால் மணலைப் பறித்துப் பலகையை உறைக்கு அடியில் செருகினார். எழுத்தெல்லாம் மேலே தெரிந்தது. அதன் மேல்தான் உறை ஏற வேண்டும். பிறகு வரிசையின் கடைசிக்குப் போய்க் கயிற்றில் கையை வைத்தார்.

“இப்பத்தான் வாரீங்களா? மடி கரை சேருற நேரத்துல?” என்று கேட்டேன். கேட்டே தீர வேண்டியிருந்தது.

“கயித்தத் தொட்டவனுக்குப் பங்கு உண்டுல்ல?” என்றார். நான் திரும்பி நின்று இழுத்தேன். உறை பலகையின் மேல் ஏறி மேட்டுக்கு வந்து சேர்ந்தது.

உறைகளை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து, உள்ளே இறங்கி மணலைத் தோண்டத் தோண்டக் கிணறு இறங்கியது. எல்லோரும் முறை வைத்துத் தோண்டினோம், இவரும் தோண்டினார். ஒரு கூட்டம்கூடப் போடவில்லை. தண்ணீர் தெளிந்த அன்றைக்குக் கொட்டும் இல்லை, மாலையும் இல்லை. பூமயில் முதல் வாளியை இறைத்தார். மூன்று ஊர்ப் பெண்களும் குடத்தோடு வரிசையில் நின்றார்கள். வரிசையின் கடைசியில் இவர் நின்றார், கையில் அந்தக் கட்சிச் சொம்பு.

அவர் முறை வந்தபோது வாளி என் கையில் இருந்தது. சொம்பில் ஊற்றினேன். வாயில் வைத்தார். ‘இது கட்சித் தண்ணி இல்ல’ என்று துப்பிவிடுவாரோ என்று அவர் வாயையே பார்த்தேன். துப்பினால் அந்த நிமிஷமே அவரை விட்டுவிட்டு என் அம்மா வீட்டுக்குப் போய்விடுவது என்று முடிவு செய்துகொண்டேன். கண்ணை மூடிக்கொண்டு, நிறுத்தி நிறுத்தி, சொட்டு விடாமல் குடித்தார். கண் ஓரத்தில் தண்ணீர் வழிந்து தாடிக்குள் இறங்கியது.

“நல்ல தண்ணி, லீமா” என்றார்.

அவர் கிணற்றை எட்டிப் பார்த்தார். மேட்டைப் பார்த்தார். தூரத்தில் பொட்டலைப் பார்த்தார். பிறகு மெதுவாக, “மொதல்லயே இங்கன வெட்டியிருக்கலாம்” என்றார்.

அட மாதாவே! இத்தனை வருஷம்! என் இடுப்பு, அவர் வயிறு, பூமயில் நெஞ்சு வரை மூடின மணல், எல்லாம் போனதற்கப்புறம் வந்து நின்று சொல்கிறார், முதலிலேயே வெட்டியிருக்கலாமாம்! வாளியை ஓங்கிவிட்டேன். பூமயில் என் கையைப் பிடித்துக்கொண்டார். நஸீரா சிரிக்க ஆரம்பித்தாள், அவளைப் பார்த்து யாகப்பம்மாளும் சிரித்தார். இவர் மட்டும் சிரிக்கவில்லை. காலிச் சொம்பை என் முன்னால் நீட்டிக்கொண்டே நின்றார்.

கயிற்றைத் தொட்டவர். இல்லை என்று சொல்ல முடியாது. இன்னொரு சொம்பு ஊற்றினேன்.